இன்னைக்கு இங்க சோறு கிடையாது

சொன்னது சொன்னதுதான். இன்று இந்தக் கொட்டகையில் அடுப்பு எரியாது, சோறு கிடையாது, கவிழ்த்துப்போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்தால்தானே கை எதையாவது எடுத்துச் செய்யும், அதனால் எழுந்திருக்கப் போவதில்லை. பனி இன்னும் விலகவில்லை. எதிர்ச் சரிவில் வரிசையாகத் தகர வீடுகள், புதுத் தகரம், வெயில் வந்தால் கண் கூசும், இப்போது நனைந்த மாடுகள்போலச் சும்மா நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஓர் அடுப்பு இருக்கிறது. ஈச்சம்பாறைப் பெண்கள் தங்கள் கையால் மண் குழைத்துப் போட்டு மெழுகிக் காயவைத்த அடுப்பு, காய்ந்து வெடிப்பு விட்டு அந்த வெடிப்பையும் பூசிவிட்டார்கள், அவ்வளவு அக்கறை. ஆனால் ஒன்றிலாவது ஒரு சுள்ளி எரிந்ததா என்றால் இல்லை. காட்டுத்தீ வந்து ஊர் போன மறுநாளில் இருந்து இந்தக் கொட்டகைச் சோறுதான். அடிவாரத்துக் கடைவீதிக்காரர்கள் அரிசியும் பருப்பும் லாரியில் ஏற்றிவிட்டு ஆக்கிப்போட ஆள் வேண்டும் என்றார்கள், மெஸ் நடத்துகிற தனபாக்கியத்தை விட்டால் வேறு யார், நானும் மெஸ்ஸில் எனக்கு எடுபிடியாக இருக்கிற சுருளியும் வந்தோம், ஒரு வாரம் என்றுதான் வந்தோம். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் பிழைப்பு அவரவருக்கு. என் மெஸ்ஸை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், பார்த்துக்கொள்கிற லட்சணம் எனக்குத் தெரியும், சாம்பாரில் பெருங்காயத்தைக் கொட்டிக் கவிழ்த்துக்கொண்டிருப்பார், இருக்கட்டும், இந்த ஒரு நாள் கழியட்டும்.

இந்த ஒரு நாள்தான். வீடுகளைப் பார்த்து எழுதிப்போகிற அதிகாரி இன்று காலை ஜீப்பில் வருகிறார். போன தடவை வந்தபோது ஒவ்வொரு வீடாகக் குனிந்து பார்த்தார், வெள்ளையாகக் காய்ந்திருந்த அடுப்புகளைப் பார்த்தார், கெட்டவர் இல்லை, கையில் இருந்த பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார், கொடுத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார், அடுப்பெரியாத வீட்டைக் குடியிருக்கிற வீடுன்னு நான் எப்படிம்மா எழுதுறது. அடிவாரத்தில் மாடிக் குடியிருப்பு தயாராக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வரும், மழைக்கு முன்னால் எல்லாரையும் இறக்கிவிடலாம், அடுத்த முறை வரும்போது இப்படியே இருந்தால் அப்படித்தான் எழுதுவேன் என்றார். கீழே இறக்கினால் அவ்வளவுதான். எலுமிச்சையும் இலவும் நிற்கிற நிலம் மேலே, ஆட்கள் கீழே, ராத்திரி ஆளில்லாத தோட்டத்துக்குள் பன்றியும் யானையும் வரும், ஒரு வருஷம் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள், அடுத்த வருஷம் முட்டி வலிக்கும், அதற்கடுத்து செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ போய்விடுவார்கள். சடைச்சி என்னிடம் சொன்னாள், நாங்க எறங்க மாட்டோம்க்கா. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், தலையைத் தூக்கவே இல்லை. சடைச்சிதான் இங்கே எனக்குக் கைக்கு உதவி, தினம் வந்து உட்கார்ந்து காய் நறுக்குவாள், கருகிப்போன தன் எலுமிச்சைக்கு அடியில் தளிர் விட்டிருக்கிறது என்று ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள், கரித்தூரில் இருந்து இரண்டு இலை, அதைப் போய்க் குழந்தை முகத்தைக் காட்டுவதுபோலத் துணியை விலக்கிக் காட்டினாள், ஆடு கடிக்காமல் இருக்கத் தன் பழைய சேலையைச் சுற்றி வைத்திருந்தாள். இறங்க மாட்டோம் என்கிற வாய் ஒரு தீக்குச்சியை உரசினால் என்ன? அதைத்தான் நானும் கேட்கிறேன். நிவாரணப் பையிலேயே வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வைத்துக் கொடுத்தோமே, அப்படியே பிரிக்காமல் தகரத்து இடுக்கில் செருகி வைத்திருக்கிறார்கள்.

பயம். வேறென்ன. பயம் எனக்குத் தெரியாதா? தீயைப் பார்த்தவர்களுக்குத் தீக்குச்சி வெறும் குச்சி இல்லை. இலவங்காய் வெடித்துப் பஞ்சு எரிந்துகொண்டே பறந்து வந்தது என்று சடைச்சி சொல்லியிருக்கிறாள், தீ நடந்து வரலைக்கா, பறந்து வந்துச்சு, ஒரு மரத்துப் பஞ்சு அடுத்த கூரைமேல உக்காந்துச்சு, பாக்கப் பாக்க அம்புட்டும். ஓடைப் பாறையில் போய் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறார்கள், ஆட்டை அவிழ்த்துவிடப் போன அவள் மாமனார் திரும்பவில்லை. அதற்கப்புறம் அடுப்பு மூட்டு என்றால் கை வருமா. என் கையே வராதே. என் மெஸ் எரிந்தபோது காடா எரிந்தது, ஒரு எண்ணெய்ச் சட்டிதான், விறகடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன், யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன், திரும்பிய அந்த நேரத்துக்குள் பக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம், நெஞ்சுக்குள் யாரோ பாயை உதறினதுபோல, இப்போதும் கேட்கும், பஸ் கதவு சாத்தினால் கேட்கும், பக்கத்து வீட்டில் மெத்தையைத் தட்டினால் கேட்கும். கூரையோடு போயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் முழங்கைதான் சுருங்கிப்போயிற்று. அதிலிருந்து விறகைத் தொட்டதில்லை. கேஸ் அடுப்புதான், அதையும் நீளக் கழுத்து லைட்டரால், முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டுதான், சுருளி இதைப் பார்த்துச் சிரிப்பான், அக்கா அடுப்புக்கு வெக்கப்படுது என்பான். சிரிக்கட்டும்.

ஆனால் நான் எழுந்துவிட்டேன் அல்லவா. அதுதான் விஷயம். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு வேளைகூட ஆக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன், நாத்தனார் தெய்வானை நாலு தெரு தள்ளி இருந்து தினமும் டிபன் கேரியர் அனுப்பினாள். ரசஞ்சோறு, துவையல், ஒருநாள் மீன்கூட. கேரியரைத் திறக்கும்போதெல்லாம் அழுவேன், நன்றாகவும் சாப்பிடுவேன், சாப்பிட்டுவிட்டு மறுபடி சுவர். அப்புறம் ஒருநாள் கேரியர் வரவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், வரவில்லை. அன்றைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், மெஸ்ஸில் கை கழுவிக்கொண்டு நிற்கிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான், நிறுத்தினால் எழுந்திருப்பான், எனக்கு நடந்தது இது. அந்தத் தைரியத்தில்தான் நேற்றுச் சாயங்காலம் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னேன். அரிசி இந்தா, பருப்பு இந்தா, எண்ணெய், மிளகாய், புளிய விறகு ஒரு கட்டு, நாளைக்கு இங்க சோறு கிடையாது, அவங்கவங்க வீட்டுல ஆக்கிக்கங்க. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள், சடைச்சி மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பேசவிட்டால் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

பனி விலகுகிறது. ஒரு கூரைக்கும் மேலே புகை இல்லை. சுருளி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டான், போகும்போது கேட்டான், அக்கா பச்சப்பிள்ளைகளுக்காவது கொஞ்சம் கஞ்சி வச்சிருவமா. போடா என்றேன். போய்விட்டான், ஆனால் கேள்வியை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டான். தட்டுகள் வந்துவிட்டன. சொல்லியும் பழக்கம் விடவில்லை, பிள்ளைகள் பாறைமேல் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டன, அது தினமும் நடப்பது, தட்டு இடம் பிடிக்கும், பிள்ளை ஓடிப்போகும், நீலத் தட்டு, நெளிந்த தட்டு, பூப்போட்ட தட்டு, எது யாருடையது என்று எனக்குத் தெரியும், எந்தத் தட்டுக்கு ரசம் பிடிக்காது என்றுகூடத் தெரியும். நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கரிந்த மலையைப் பார்க்கிறேன். அது இன்னும் மோசம். கறுப்புக்குள் அங்கங்கே பச்சை பொடித்திருக்கிறது, யாரும் சொல்லாமல் தானாக முளைத்த புல், அதற்கு இருக்கிற துப்பு இந்த ஊருக்கு இல்லையா என்று கோபமாக வருகிறது, வந்த கோபம் அப்படியே கலங்கிப்போகிறது, நான் யார் இவர்களைக் கோபித்துக்கொள்ள? ஏழெட்டு வாரம் சோறு போட்டதால் மாமியார் ஆகிவிட்டேனா? இந்நேரம் ஜீப் செக்போஸ்ட் தாண்டியிருக்கும். கேஸைத் திறந்தால் ஒரு திருகு. உப்புமா கிண்டினால் கணநேரம். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வெயிலில் உட்காருவார்கள், ஜீப் வரும், அவர் குனிந்து பார்ப்பார், அடுப்புகள் வெள்ளையாக இருக்கும், எழுதிக்கொள்வார், முடிந்தது. இல்லை. எழுந்திருக்க மாட்டேன். பசிக்கட்டும், எனக்கும்தான் பசிக்கிறது, நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிட்டு வந்ததில் இருந்து எனக்கும் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை.

பார்க்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நிற்கிறாள், தலையைச் சீவி முடிந்து, முகம் கழுவி, ஏதோ விசேஷத்துக்குப் புறப்பட்டதுபோல, எல்லார் பார்வையும் இந்தக் கொட்டகை மேலேயே இருக்கிறது. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால், கொட்டகைக்குள், சுருளி மழைக்கு அவசரத்துக்கு என்று கூட்டிவைத்த மூன்று கல்லைப் பார்க்கிறார்கள். என்ன பார்வை இது? திட்டுகிற பார்வை என்றால் எனக்குப் பழக்கம், மெஸ்ஸில் குழம்பு தீர்ந்துவிட்டது என்றால் எத்தனை பார்வை. இது வேறு. காத்திருக்கிற பார்வை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வளைவைப் பார்ப்பார்களே அப்படி. நான் மாட்டேன் என்று நானும் காத்திருக்கிறேன், அவர்களும் காத்திருக்கிறார்கள், நடுவில் வெயில் ஏறுகிறது. சடைச்சி வருகிறாள். சரிவில் இறங்கி நேரே வருகிறாள், கையில் உடைந்த மண்சட்டியின் அடிப்பாகம், அதில் கொஞ்சம் சாம்பல் பரப்பியிருக்கிறது, கஞ்சி வாங்க இந்த ஓடா கிடைத்தது, நல்ல தட்டு ஒன்று கொண்டுவரக் கூடாதா.

"இன்னைக்கு இல்லைன்னு சொன்னேன்ல சடைச்சி."

"சோறு கேக்க வரலக்கா."

"பின்ன?"

"கங்கு." ஓட்டை நீட்டினாள். "ஒரு கங்கு வேணும். வெள்ளனே வெறகு மூட்டுவீக, கங்கு விழுகும்னு விடிஞ்சதுல இருந்து எல்லாரும் வாசல்ல நிக்கிறோம்."

எனக்குப் புரியவில்லை. தீப்பெட்டி கொடுத்தேனே என்றேன். அவள் சிரித்தாள், பொறுமையாக, அரிசி களைவது எப்படி என்று கேட்டவளிடம் சிரிப்பதுபோல. "மத்த நாளுல நாங்களும் தீப்பெட்டிதேன் ஒரசுவோம். புது அடுப்புக்கு மட்டும் ஆகாது. சோறு பொங்குன அடுப்புல இருந்து கங்கு எடுத்தாந்துதேன் புது அடுப்பு மூட்டணும். நான் வாக்கப்பட்டு வந்தப்ப எங்க அத்தை அடுப்புக் கங்குலதேன் மூட்டுனேன், அவுக அவுக மாமியா அடுப்புல. ஊருல ஒரு அடுப்பு கூட மிஞ்சலையேக்கா."

"இத்தனை நாளா நான் ஆக்குறேனே, ஒரு வார்த்தை சொல்ல என்ன?"

"நீங்க கேஸுல ஆக்குனீக. அதுல கங்கு ஏது." ஓட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள். "பக்கத்து ஊருல வாங்கலாம். நெருப்பைக் கையில வச்சுக்கிட்டு அந்தக் காட்டு வழியா நடக்க யாருக்குக் கால் வரும். அடுப்பை மூட்டிக் கங்கு குடுன்னு கேக்கவும் கூடாது, எரியிற அடுப்புலதேன் எடுக்கணும். நேத்து இங்க சோறு கெடையாதுங்கவும், சரி, கேஸை மூடிட்டு அக்கா தனக்குன்னு ஒருபிடி வெறகுல பொங்கும், எடுத்துக்கிருவோம்னு நெனச்சோம். நீங்களும் பட்டினியா உக்காந்திருக்கீக."

"கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு இப்பக் கேக்குற."

"கேக்கக் கூடாதுதேன். ஜீப்பு வந்துரும்ல. கேக்குறேன்."

எனக்குத் தலைக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் இரைகிறது. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் இவ்வளவு நேரம், நிறுத்தினால் எழுந்திருப்பார்கள் என்று, எழுந்து தலைசீவி வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்து எழுந்திரு எழுந்திரு என்று உட்கார்ந்துகொண்டே அதட்டியிருக்கிறேன். நான் மூட்டுவேன் என்று அவர்கள், அவர்கள் மூட்டட்டும் என்று நான். சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, ஆனால் அதற்கெல்லாம் நேரம் இல்லை, விறகு, விறகு அல்லவா மூட்ட வேண்டும், என் கையால். இந்தக் கல்லும் புதுசுதானே, இதை மட்டும் குச்சி உரசலாமா என்று ஒரு சாக்குப் பிடித்துப் பார்த்தேன். சடைச்சி விடவில்லை. "ஊரு போனதுல இருந்து உங்க கையிலதேன் திங்கிறோம். எங்களுக்கு நீங்கதேன் பழைய அடுப்பு." சுருளி ஓடையில் இருந்து வந்துவிட்டான், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நான் பத்தவைக்கிறேங்க்கா என்று தீப்பெட்டிக்குக் கையை நீட்டினான். என் முழங்கையை அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர்கள் தின்றது என் கையில் என்று அவள் சொன்னாள், சுருளி கையில் என்று சொல்லவில்லை.

மூன்று கல்லுக்கு நடுவே புளிய விறகைச் செருகுகிறேன், தென்னஞ்செத்தையைத் திணிக்கிறேன், பானையில் தண்ணீரும் ஒருபிடி அரிசியும் போட்டு ஏற்றிவிட்டேன், பொங்கின அடுப்பாக இருக்க வேண்டுமே. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சி உடைந்தது. பக்கென்ற சத்தம் வரும், வரப்போகிறது, செத்தை பிடித்தால் வரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா, திருப்பினதால்தானே அன்றைக்குப் போயிற்று, திருப்ப மாட்டேன். குச்சி பிடித்தது. செத்தை பிடித்தது. சத்தம் வந்தது, சின்னதாக, ஒரு பூனை தும்மினதுபோல, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம். முகத்தில் சூடு அடிக்கிறது, முழங்கைத் தோல் இழுக்கிறது, கண்ணில் நீர், புகைதான், புகைதான் என்று சுருளியிடம் சொல்கிறேன், அவன் ஒன்றும் கேட்கவே இல்லை. புகை கொட்டகைக்கு மேலே எழுந்தபோது வாசல்களில் ஒரு சலசலப்பு, ஒரு குழந்தை வீறிட்டது, ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள், ஆனால் திரும்பி வந்து நின்றாள். விறகை ஊதிக்கொண்டு குனிந்திருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்ட கதையில் விட்டுப்போன பாதி. கேரியர் வராத அன்றைக்கு நான் தானாக எழுந்திருக்கவில்லை. உச்சி வெயிலில் தெய்வானையே வந்தாள், வெறுங்கையோடு, வேர்த்து வடிய, என் காலடியில் உட்கார்ந்து, மதினி எனக்குப் பசிக்குது, உங்க கையால எதுனாச்சும் ஆக்கிப் போடுங்க என்றாள். அதற்குத்தான் எழுந்தேன். பசித்து வந்தவளுக்கு ஆக்காமல் எப்படிப் படுத்திருப்பது. சோறு நின்றதற்காக இல்லை, என் கையில் சோறு கேட்க ஒருத்தி வந்ததற்காக எழுந்தேன்.

பானை பொங்கி வழிந்து அடுப்பில் சீறியது. கங்கு விழுந்திருக்கிறது, நல்ல செங்கங்கு. இடுக்கியால் எடுத்துச் சடைச்சியின் ஓட்டில் சாம்பல்மேல் வைத்தேன், அவள் மேலேயும் கொஞ்சம் சாம்பல் தூவிக்கொண்டு, காற்றுக்குக் கையை மறைவாக வைத்துக்கொண்டு, ஓடவில்லை, நெருப்போடு ஓடக் கூடாது என்று இந்த ஊருக்கு யார் சொல்ல வேண்டும், நிதானமாகச் சரிவேறினாள். ஒவ்வொரு வாசலும் அவளோடு திரும்பியது. அவள் குனிந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்து புகை கசிந்தது, வெள்ளையாக, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி அவள் வாசலில் ஓட்டோடு நிற்கிறாள், அப்புறம் அதற்கடுத்த வீட்டுக்காரி இவள் வாசலில். என்னிடம் யாரும் வரவில்லை. இனி வர வேண்டியதில்லை. கீழே வளைவில் ஜீப் கியர் மாற்றி இரைகிறது, அந்தச் சத்தத்துக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பானையைச் சுருளியிடம் விட்டேன், பச்சப்பிள்ளைக் கஞ்சி கேட்டாயே, நீயே குடி என்றேன். பாறைமேல் இருந்து ஒரு தட்டை எடுத்தேன், சடைச்சி வீட்டு நெளிந்த தட்டு. அதை எடுத்துக்கொண்டு சரிவேறிப்போய் அவள் வாசலில் நின்றேன்.

"சடைச்சி, பசிக்குது. உங்க வீட்டுல ஒரு வாய் வை."

அவள் அடுப்பில் இருந்து திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் கரி. மணையை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. இன்னும் ஒரு கொதி." உட்கார்ந்தேன். வீட்டுக்குள் ஒரே புகை, புகை போகத் தகரத்தில் இன்னும் ஓட்டை போடவில்லை, போட வேண்டும், கண் எரிகிறது, சோறு கொதிக்கிற வாசனை. வெந்ததும் வடிக்காத சோற்றைக் கஞ்சியோடு தட்டில் ஊற்றி உப்புப் போட்டுத் தந்தாள், நாக்கு சுட்டுவிட்டது, ஊதி ஊதிக் குடித்தேன், இப்படி நான் குடித்து எத்தனை நாள்.

"உப்பு போதுமாக்கா?"

"பத்தல."

"கேஸு அக்காவுக்கு எதுவும் பத்தாது," என்று சொல்லிவிட்டு உப்பை எடுத்து வந்தாள்.

ஜீப் கொட்டகை முன்னால் நின்றது கேட்டது. யாரும் இல்லையா என்று அதிகாரி குரல் கொடுத்தார், சுருளி இந்தப் பக்கம் கையைக் காட்டியிருக்க வேண்டும், சரிவில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது, வீடு வீடாக நின்று நின்று வந்தது. எழுந்து போய்ப் பேசியிருக்கலாம். தட்டில் கஞ்சி இருந்தது, நான் எழுந்திருக்கவில்லை. வாசலில் வெளிச்சம் மறைந்தது. போன தடவைபோலக் குனிந்து பார்த்தார், புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவைப் பையில் செருகினார். பிறகு உள்ளே வருவதற்கு முன்னால், போன தடவை செய்யாததைச் செய்தார், படியில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். சடைச்சி இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினாள்.